முன் உண்டது செரித்த பின்

அன்பு மகளுக்கு,

மதியம் சாப்பிட்டது இரவு வரை நெஞ்சிலேயே நிற்கிறது என்றும், புளித்த ஏப்பத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டே வேலை பார்ப்பதாகவும் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. இணையத்தில் சில கேள்விகளுக்கு விடையளித்து, ஆயுர்வேதம் சொல்லும் உடல்வாகுகளில் உன்னுடையது பித்த உடல் என்று முடிவு செய்து, காரத்தையும் புளியையும் விட்டுவிட்டாயாம். நாடி பார்த்து, பசி, உறக்கம், மலம் எல்லாவற்றையும் விசாரித்து வைத்தியர் சொல்ல வேண்டியதை அப்படி முடிவு செய்துவிட முடியாது. அதைவிட முக்கியம், எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன், எப்போது, எப்படிச் சாப்பிடுகிறாய் என்று பார்ப்பது.

ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை, விமான ஸ்தானம் என்ற பகுதியின் முதல் அத்தியாயத்திலேயே உண்ணும் முறையை விரிவாகச் சொல்கிறது. சூடாக, சிறிது நெய்ப்பசையுடன், அளவாக, முன் உண்டது செரித்த பின், மனத்துக்கு இசைந்த இடத்தில், மிக வேகமாகவும் மிக மெதுவாகவும் இல்லாமல், பேச்சும் சிரிப்பும் தவிர்த்து, உணவிலேயே மனம் வைத்து உண்ண வேண்டும் என்பது அதன் சாரம். இவற்றுள் உனக்கு முதலில் வேண்டியது ‘செரித்த பின்’ என்பதுதான் என்று நினைக்கிறேன். செரிமானம் முடியுமுன் மீண்டும் உண்பதை ‘அத்யசனம்’ என்று பெயரிட்டே ஆயுர்வேத நூல்கள் கண்டிக்கின்றன. காலை பத்தரைக்குத் தேநீரும் பிஸ்கட்டும், ஒன்றரைக்குச் சோறு, நான்கு மணிக்கு அலுவலகத்து பஜ்ஜி, இரவு பத்தரைக்குச் சப்பாத்தி என்று போனால், பாதி வெந்த உலையில் மறுபடி அரிசியைக் கொட்டியதாகத்தான் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதே, ஏப்பத்தில் முன் உண்டதன் வாடையோ புளிப்போ இல்லாமல், வயிறு லேசாகி, உண்மையான பசியும் தாகமும் எடுத்தால்தான் செரித்தது என்று பொருள்.

கணினித் திரையைப் பார்த்தபடி உண்ணும் வழக்கத்தையும் விட்டுவிடம்மா. உணவைக் கண்டதும் அதன் மணம் பட்டதும் உமிழ்நீரும் இரைப்பைச் சுரப்பும் தொடங்கிவிடுகின்றன என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. மிக மெதுவாக உண்பவருக்கு நிறைவு வராது, உணவு ஆறிப்போகும், அளவு மீறும் என்று சரகர் சொல்வது, ஒரு கையில் கைபேசியும் மறு கையில் கரண்டியுமாக முக்கால் மணி நேரம் உட்காரும் உனக்கென்றே சொன்னது போலிருக்கிறது. அளவைப் பொறுத்தவரை, வயிற்றில் பாதியைத் திட உணவுக்கும், கால் பங்கை நீர்ப்பொருளுக்கும் கொடுத்து, மீதிக் கால் பங்கைக் காலியாக விட வேண்டும் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு ஆயுர்வேத நூல் சொல்லும் கணக்கு கடைப்பிடிக்க எளிது.

இரவில் தயிர் ஆகாது என்பது ஆயுர்வேதத்தில் பழைய விதி. மதியத்துக்கு மோர் எடுத்துப் போ. நன்றாக உறைந்த, புளிக்காத தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட்டு, வறுத்துப் பொடித்த சீரகமும் சிட்டிகை பெருங்காயமும் இந்துப்பும் போட்டால் போதும். பசி மந்தமான நாளில், தோல் சீவிய இஞ்சியில் மெல்லிய வில்லை ஒன்றை இந்துப்பில் தொட்டு, சாப்பிடுவதற்குச் சற்று முன் மென்று கொள்ளலாம். நெஞ்செரிச்சல் இருக்கும் நாளில் அது வேண்டாம். இரவு உணவை முன்னதாக முடித்துவிட்டு, உடனே படுக்காமல் இரு.

இத்தனைக்குப் பிறகும் எரிச்சல் தொடர்ந்தாலும், எடை குறைந்தாலும், விழுங்கச் சிரமம் இருந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் கஷாயம் தேடிக்கொண்டிராமல் உடனே வயிற்று நோய் மருத்துவரைப் போய்ப் பார். இப்போது போடும் மாத்திரையையும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதே. அடுத்த முறை பேசும்போது, எந்த நேரத்தில் உனக்கு உண்மையிலேயே பசிக்கிறது என்பதைக் கவனித்துச் சொல். சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப எப்படி மாற்றலாம் என்று இருவருமாக யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா