சிரட்டைக் குதிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

தலையும் வாலும் இல்லாத கிறுக்குக் காமெடிப் படங்களை வீட்டில் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நானும் அந்த வேலையற்றவர்களில் ஒருவன்தான்.

எண்பதுகளின் கடைசியில் கீழக்கரையில் எங்கள் தெருவில் வீடியோ கேசட் போடுகிற டெக் இருந்ததெல்லாம் சபராளி வீடுகளில்தான், அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் வீடுகளில். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த கேசட்டுகளில் ஒன்று 'மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்', மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடிக் குழுவின் படம், 1975-இல் வந்தது. ராஜா கதை என்று நம்பி உட்கார்ந்தோம். ராஜா வருகிறார், குதிரையைக் காணோம். பின்னால் ஒருவன் இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுத்துக்கொண்டே வருகிறான். குதிரைக்குக் காசில்லாமல் செய்த வேலையாம், பிற்பாடு படித்தேன். இங்கிலாந்தில் தேங்காய் ஏது என்று கோட்டைக் காவல்காரன் விடாமல் கேட்கிறான். குருவி தூக்கி வந்திருக்குமா என்று வாதம் வேறு. கொல்லையில் மட்டையும் சிரட்டையும் குவிந்து கிடக்கிற எங்களுக்குக் கேட்கவா வேண்டும்! காலேஜில் படித்த பக்கத்து வீட்டுக் காக்காதான் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

கறுப்புக் கவசம் போட்ட வீரன் ஒருவனுக்கு ஒரு கை போகிறது, அப்புறம் இன்னொரு கை, பிறகு கால்கள். ரத்தம் பீய்ச்சுகிறது. ஆளோ சின்னக் காயம்தான் என்று சண்டைக்குக் கூப்பிடுகிறான். "இது சிரிக்கிற காரியமாடா?" என்று உம்மா அதட்டினார். அதட்டி முடிப்பதற்குள் சேலைத் தலைப்பு வாய்க்குப் போய்விட்டது.

தியேட்டர் என்றால் இது நடக்காது. எங்கள் வீட்டுப் பெண்கள் தியேட்டருக்குப் போனதும் இல்லை, அது வேறு கதை. டெக்கில் நிறுத்தலாம், திட்டலாம், "இப்ப என்ன சொன்னான்?" என்று ரீவைண்ட் பண்ணலாம். கூடாத இடம் வந்தால் ஓட்டிவிடலாம். கன்னிப்பெண்கள் கோட்டைக் காட்சியை மாமா ஓட்டிய வேகத்தில் நாடா அறுந்துவிடும் போலிருந்தது. ரிமோட்டில் ஒரு கை இருக்கிற தைரியத்தில்தான் வரம்பு மீறின சிரிப்பு வீட்டுக்குள் வந்தது. மூன்றாவது தடவைதான் ருசி பிடித்தது. பிரெஞ்சுக்காரன் திட்டுகிற இடம் மட்டும் கடைசிவரை எங்களுக்கு ஏறவில்லை. சென்ற மாதம் போனில் தனியாகப் பார்த்தேன், பாதிச் சிரிப்புதான் வந்தது.

முதல் தடவை போட்ட அன்று, பெரிய சண்டை தொடங்கப்போகிற நேரத்தில் போலீஸ் வந்து ராஜாவைப் பிடித்துக்கொண்டு போகிறது. படம் சட்டென்று நின்றுவிட்டது. கடல்காற்றில் டெக் கெட்டுவிட்டது என்று காக்கா மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து மறுபடி போட்டார். அதே இடத்தில் நின்றது. மறுபடியும் கழற்றினார். படமே அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு ஒரு வாரம் அவர் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை.

– ஒரு வாசகர்,
கீழக்கரை