உறை இருக்கிறது, மடல் எங்கே?

மதிப்பிற்குரிய ஆவணக் காப்பக நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் காப்பகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு நீங்கள் கொடுத்த விசாரணை எண் உங்கள் கணினியில் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அந்த எண்ணைத் தலைப்பில் போட்டு ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. என் விசாரணை முடித்துவைக்கப்பட்டதாம். என்ன விடை கிடைத்து முடிந்தது என்று அதில் இல்லை.

இதுவரை ஆங்கிலத்தில் நான்கு முறை எழுதிவிட்டேன். ஐந்தாவதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதில் இரண்டு மொழிக்கும் வித்தியாசம் கிடையாது. தமிழில் எழுதினால் வேறு நாலு பேராவது படிப்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஃபிராங்க் பக்லண்ட் மீன்களைப் பற்றியும் காட்டுயிர்களைப் பற்றியும் பிரிட்டன் அரச குடும்பத்தாரோடும் அவர்களுடைய அலுவலர்களோடும் நடத்திய கடிதப் போக்குவரத்து என்று உங்கள் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. அந்த மடல்களைப் படமெடுத்து, எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போடுங்கள். அது முடியாது என்றால், அவை இப்போது எங்கே இருக்கின்றன என்றாவது சொல்லுங்கள்.

பக்லண்ட் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1826இல் பிறந்தவர். அப்பா வில்லியம் பக்லண்ட் பெரிய புவியியலாளர். பிறகு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் தலைமைக் குரு (டீன்). மகன் படித்தது மருத்துவம். 1854 முதல் 1863 வரை, அரசியைக் காக்கும் லைஃப் கார்ட்ஸ் குதிரைப்படையில் உதவி அறுவை மருத்துவர். அரண்மனை வாசல் அவருக்குப் புதிதல்ல. வீட்டில் குரங்கு வளர்த்தார், கரடி வளர்த்தார், யானைத் தும்பிக்கையை வேகவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார் என்ற கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவை பொருட்டில்லை. 1867இல் அவர் சால்மன் மீன்வள ஆய்வாளர் ஆனார். 1880 டிசம்பரில் சாகும்வரை அந்த வேலையில் இருந்தார். அந்தப் பதின்மூன்று வருடம்தான் எனக்கு வேண்டியது.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து மேலே ஏறும் மீன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆறுதோறும் ஆலைகள், ஆலைதோறும் தடுப்பணை. ஏறிவந்த மீன் சுவரில் மோதி மோதி விழும். அணையில் மீன் படிப்படியாக ஏறிப்போக மீன் ஏணி கட்டச் சொல்லி ஆலைக்காரர்களோடு மல்லுக்கட்டுவதே பக்லண்டின் வேலை. தண்ணீர் எந்த வேகத்தில் தள்ளுகிறது என்று பார்க்கத் தானே இறங்கி நிற்பார். ஏணி இல்லாத ஓர் அணையில் அவர் சால்மன்களுக்கு என்று ஓர் அறிவிப்பே எழுதி வைத்தார்: இந்த அணையில் இப்போதைக்கு வழி இல்லை, கொஞ்சம் கீழே போய் வலப்பக்கம் முதல் திருப்பத்தில் திரும்பினால் மேலே போக நல்ல தண்ணீர் உண்டு, குதிக்க வேண்டியதில்லை என்று. கீழே தன் பெயரின் முதலெழுத்துகள்.

வேடிக்கைதான். ஆனாலும் படிக்கத் தெரியாத மீனுக்கு வழி அடைத்திருக்கிறது, சுற்றுப்பாதை இது என்று எழுதி, பொறுப்பேற்றுக் கையெழுத்தும் போட்ட மனிதருடைய தாள்களை வைத்திருக்கிற நீங்கள், படிக்கத் தெரிந்த எனக்கு அந்த அளவுக்குக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்கலாம். முப்பத்தோரு வருடம் மீன்வளம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்து மீன்களை வகைபிரித்து எழுதிய ஃபிரான்சிஸ் டே, 1852இல் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக வந்தவர். 1863இல் நீலகிரிக்கு ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைக் கொண்டுவரப் பார்த்தார், கைகூடவில்லை. மறு வருடமே, 1864இல், நார்ஃபோக் என்ற கப்பலில் பாசிக்குள் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவில் வைத்த ட்ரவுட், சால்மன் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து பூமியின் மறுகோடி வரை போய் டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்தன. அந்த முட்டைகளைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் பக்லண்டும் ஒருவர். நீலகிரியில் ட்ரவுட் நிலைபெற இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஊட்டி பக்கம் அவலாஞ்சிக்குப் போகிறவர்கள் பார்க்கும் குஞ்சு பொரிப்பகம் அந்தக் காலத்தில் வந்ததுதான். இந்த முட்டைப் பயணங்களுக்கு யார் கைகொடுத்தார்கள், யார் காசு கொடுத்தார்கள், அரண்மனை எந்த அளவுக்கு ஆர்வம் காட்டியது என்பதை எழுதவே அந்த மடல்கள் எனக்கு வேண்டும். ராஜ ரகசியம் எதுவும் எனக்கு வேண்டாம்.

மகள் வீடு லண்டன் பக்கம் ஸ்லவ்வில். பார்வையாளர் விசாவில் எனக்கு ஆறு மாதம். வந்து இறங்கிய முதல் வாரமே உங்களுக்கு எழுதினேன். பதினொன்றாவது வாரம் வாசிப்பறையில் இடம் கொடுத்தீர்கள். இரண்டு ரயில் மாறி, மழையில் நடந்து வந்தேன். பையை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பேனா கூடாது, பென்சில்தான் என்றார்கள், சரி. அதெல்லாம் தாளைக் காக்கிற நல்ல வழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை.

வெள்ளை நாடா கட்டிய சாம்பல் பெட்டி வந்தது. ஸ்பாஞ்ச் தலையணைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். மீன் வளர்ப்பு பற்றிய அச்சுப் பிரசுரங்கள், ரசீதுகள், யாரோ வரைந்த மீன் தொட்டிப் படம் ஒன்று. அடியில் ஓர் உறை. விளிம்பெல்லாம் சுண்டுவிரல் நக அகலத்துக்குக் கறுப்பு. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா அரசி கடைசிவரை கறுப்புத் துக்கக் கரை போட்ட தாளில்தான் எழுதினார் என்று படித்திருக்கிறேன். என் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. மேல்விளிம்பைக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துத் திறந்திருக்கிறார்கள். உள்ளே விரலை விட்டேன். ஒரு துண்டுச்சீட்டு. பென்சிலில், மடல் மாற்றப்பட்டது, 1994 என்று எழுதி இரண்டு முதலெழுத்து. எங்கே மாற்றப்பட்டது என்று இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உறையின் உள்பக்கத்தில் மடித்த தாள் நெடுங்காலம் கிடந்ததன் பழுப்புத் தடம் நாலு மூலையோடு பதிந்திருக்கிறது. மடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

மேசையில் இருந்த பெண் நல்ல பிள்ளை. கணினியில் தேடினாள், பழைய அட்டைப் பட்டியலைப் புரட்டினாள், மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த உறையையாவது படமெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுக்கலாம், கட்டணம் 18 பவுண்ட் என்றாள். கொடுத்தேன். காலி உறைக்கு 18 பவுண்ட் என்றால் உள்ளே மடலும் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகு உங்களிடமிருந்து வந்த ஒரே உருப்படியான பதில், அரச குடும்பம் சம்பந்தப்பட்ட தாள்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது. யாரிடம் என்று கேட்டேன். பதில் இல்லை. மீனைப் பற்றி 150 வருடத்துக்கு முன்னால் எழுதிய மடல், ஐயா. எழுதியவரும் இல்லை, படித்தவரும் இல்லை, அந்த மீனும் இல்லை.

அரச குடும்பத்தார் மீனைப் பற்றி எழுதிய மடல் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டதே! இளவரசராக இருந்தபோது சார்லஸ் 2004, 2005இல் அமைச்சர்களுக்கு எழுதிய மடல்களை ஒரு பத்திரிகையாளர் 2005இல் கேட்டார். அரசாங்கம் பத்து வருடம் வழக்காடியது, 4 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது, உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2015 மே மாதம் மடல்கள் வெளிவந்தன. ஊரே ஆவலோடு பிரித்துப் பார்த்தால், ஒன்றில் பட்டகோனிய டூத்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனைத் திருட்டுத்தனமாகப் பிடிப்பதைத் தடுங்கள், இல்லாவிட்டால் பாவம் அல்பட்ராஸ் பறவைக்குக் கதி இல்லை என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. ஆட்சியும் கவிழவில்லை, கிரீடமும் சரியவில்லை. ஆனால் வழக்கு முடிவதற்குள்ளேயே சட்டத்தைத் திருத்தி, மன்னரும் வாரிசும் எழுதும் மடல்களைத் தகவல் உரிமைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். டூத்ஃபிஷ் அவ்வளவு ஆபத்தான மீன் என்று முப்பத்தோரு வருடம் பாடம் நடத்திய எனக்கே தெரியாது.

மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கும் உங்கள் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. டார்வினின் மடல் 15,000க்கு மேல் தேடித் தொகுத்து இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஜார்ஜ் காலத்து அரண்மனைத் தாள்களை 2017 முதல் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். விக்டோரியாவின் நாட்குறிப்பும் 2012இல் இணையத்துக்கு வந்தது. அதில் ஒரு குசும்பு. முதலில் சில வாரம் உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டு, பிறகு பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். இந்தியாவுக்கு அவர் பேரரசி; அவர் என்ன எழுதினார் என்று இந்தியாவிலிருந்து இலவசமாகப் பார்க்க வழியில்லாமல் போனது. அதிலும் பெரும்பகுதி மூல ஏடு இல்லை. மகள் பியாட்ரிஸ் இளவரசி 111 தொகுதிகளாகப் பார்த்துப் பார்த்து நகலெடுத்துவிட்டு மூலத்தை எரித்துவிட்டார். மாற்றப்பட்டது என்ற சீட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் இதுதான்.

அங்கே இருந்தபோது மாலையில் மகளோடு தேம்ஸ் கரையில் நடப்பேன். அந்த ஆற்றில் கடைசி சால்மன் பிடிபட்டது 1833 வாக்கில் என்பார்கள். பிறகு 1974இல்தான் ஒன்று திரும்பி வந்தது. இப்போது என்ன கதி? 2024இல் மட்டும் இங்கிலாந்தின் ஆறுகளிலும் கடலோரத்திலும் மழைநீர் வழிந்தோடிகள் வழியாக 36 லட்சம் மணிநேரம் சாக்கடை கலந்திருக்கிறது. அது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. கூவம், பக்கிங்காம் கால்வாய் என்று எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இதையும் கொஞ்சம் மோந்து பார்க்கலாம். ஆற்றில் ஏற மீனுக்கும் வழியில்லை, தாளைப் படிக்க மனிதனுக்கும் வழியில்லை. கழிவுக்கு மட்டும் எல்லா மதகும் திறந்திருக்கிறது.

மன்னிக்கவும், சாக்கடை உங்கள் துறை இல்லை. பேச்சு எங்கேயோ போய்விட்டது.

பக்லண்ட் தன் மீன் அருங்காட்சியகத்தைத் தேசத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். மீன் வளர்ப்புப் பாடம் நடத்த 5,000 பவுண்டும் ஒதுக்கினார். அவர் கைப்பட வார்த்து வண்ணம் தீட்டிய பிளாஸ்டர் மீன்களில் பெரும்பாலானவை எங்கே போயின என்றே தெரியாதபடி சிதறிவிட்டன. தாள்களும் அப்படிப் போய்விடக் கூடாது.

ஆகவே திரும்பவும் தாழ்மையோடு கேட்கிறேன். அந்த மடல்களைப் படமெடுத்து எல்லோரும் படிக்கும்படி போடுங்கள். ஆள் பற்றாது என்றால், படத்தை மட்டும் அனுப்புங்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தர நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். விசா முடிந்து தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன், ஆனால் மகள் அங்கேதான் இருக்கிறாள். நேரில் வரச் சொன்னால் சனிக்கிழமை வருவாள். உங்கள் வாசிப்பறைக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதும் தெரியும். அதற்கென்று ஒரு நாள் லீவு போடவும் அவள் தயார்.

எதுவுமே முடியாது என்றால், 1994இல் அந்தச் சீட்டில் இரண்டு முதலெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்று எங்கேயாவது நலமாக இருக்கலாம். தயவுசெய்து அவருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மீன்வள ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி