செடிக்காகத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கை ஒடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். ஒடியவில்லை. நான்தான் மிளகாய்ச் செடியை ஒடித்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் தொட்டியில் போட்டேனே, அதேதான். பனி உறைந்தால் ஒரே ராத்திரியில் கருகிவிடும். ஆனால் மிளகாய் ஒரு வருஷத்தோடு முடிகிற செடி இல்லையாம், உள்ளே வைத்துக் காப்பாற்றினால் மறுவருஷம் சீக்கிரமே காய்க்குமாம். கீழ்வீட்டுக் கிழவர் சொன்னார். அவர் ஒரு மாதிரி. எதிரே பார்த்தால் முகம் கொடுக்கமாட்டார், செடி விஷயம் என்றால் ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டுவார். ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்னே உள்ளே எடுக்கச் சொல்லி, கத்தரிக்கோலையும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

காயைப் பறித்து, இலையை உருவி, தண்டு பிரிகிற கவைக்கு மேலே ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டினேன். மனசே வரவில்லை. இலையோடு அசுவினிப் பூச்சியும் வீட்டுக்குள் வந்துவிடும், அதற்குத்தான் இந்த மொட்டை. வேரைக் கழுவிப் புது மண்ணில் வைத்தேன். இப்போது ஒரு சாண் கவட்டைக் குச்சிதான் நிற்கிறது. அதே கையால் கண்ணைத் தேய்த்துத் தொலைத்தேன். போட்டோவில் கண் சிவந்திருக்கிறதே என்றாயே, அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

அதற்கு 10லிருந்து 13 டிகிரி இருந்தால் போதும், அதனால் ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன். செடிக்காகத்தான். முதலில் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றித் திட்டு வாங்கினேன்: தூங்குகிற செடி குடிக்காது, வேர்தான் அழுகும். இப்போது மண் நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருதரம் அரை டம்ளர்.

வேலை விட்டு வந்தால் அதோடு இரண்டு வார்த்தை பேசுவேன். சிரிக்காதே. நேற்றுக் காலை செத்துவிட்டதோ என்று நகத்தால் தண்டைக் கீறினேன். உள்ளே பச்சை. விரலை மோந்தேன், கொல்லையில் நீ முந்தானையில் காய் பறித்துப் போடுகிற வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பஸ் போய்விட்டது.

சரி, அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இந்த மாசம் பணம் கொஞ்சம் தாமதம், அடுத்த மாசம் சேர்த்து அனுப்புகிறேன். சித்தப்பாவிடம் கைமாற்று கேட்க வேண்டாம். தம்பி பைக்கை விற்கப் போகிறானாமே, நான் எழுதும் வரை பொறுக்கச் சொல். வேலியோரத்து எல்லைக்கல்லை நகர்த்தியது யார் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே? அக்கா கோபம் தீர்ந்து வந்தாளா?

உன்,
பெரியவன்