பெயர் வைக்காத என் எழுத்தாளர்

தாராவி, மும்பை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியது கேட்டுச் சந்தோஷம். முழங்கால் வலி தேவலையா? இங்கே மழை விட்டபாடில்லை.

ஒரு கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னேனே, அது வளர்ந்துகொண்டே போகிறது. கதைநாயகர் குழந்தைகளுக்கு எழுதுகிறவர், கற்பனை ஆள்தான். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பரேலில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பாட்டும் கதையும். அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டுதானே அத்தனை பாட்டும் எழுதினார்! 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதும் அந்த வேலைக்கு நடுவில்தான். அதை நினைத்துத்தான் என் ஆளுக்கும் ஒரு கணக்குப் பேரேட்டைக் கொடுத்தேன்.

1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம். நீயும் அப்போது இங்கேதான் இருந்தாய். சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள், பல மில்கள் அப்புறம் திறக்கவே இல்லை. என் ஆளும் வீட்டோடு இருந்துவிடுகிறார். சாயங்காலம் அவர் குடியிருக்கிற சாலில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்கிறார். அதுவரை அவர் எழுதியதெல்லாம் குளம், பனை, வரப்பு. இங்கே பிறந்த பிள்ளைகள் அதையெல்லாம் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைக்கிறது.

இந்த இடத்தில் நாலு நாள் பேனா ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். அவளுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். "வரப்புன்னா என்ன தாத்தா?" என்றாள். இரண்டு வயலுக்கு நடுவே நடந்து போகிற மேடு என்றேன். ஈர ஜன்னல் கம்பியை விரலால் தடவிக்கொண்டே யோசித்தவள், "ரெண்டு பக்கமும் வண்டி வருமே, நடுவுல பிளாட்பாரம், அது மாதிரியா?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது மாப்பிள்ளை.

தெரியாத சொல்லைக் குழந்தைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், பிள்ளை பிடித்துக்கொள்ளும். அவள் கேள்வியை அப்படியே கதையில் சேர்த்துவிட்டேன். மறுநாள் அவர் எழுதுகிற பாட்டில் வரப்பும் வருகிறது, தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரமும் வருகிறது.

அவருக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. கோயில் கொடைத் திருவிழாவன்று மைக்கில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி நம் ஊர்ப் பெயராக ஒன்று யோசித்து எழுது. கொடைக்கு வரும்போது எழுதியவரைக்கும் கொண்டுவருகிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் நண்பன்