எரிபொருள் தாங்கியின் மூடி: மட்டக்களப்பு எரிபொருள் நிரப்பு நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும்,

சென்ற மாரியில் கல்லடிப் பாலத்துக்கு அப்பாலுள்ள ஒரு நிலையத்தில் பெற்றோல் அடித்துக்கொண்டு வீடு சேர்ந்த பின்னர்தான், காரின் கூரைமேல் வைக்கப்பட்ட தாங்கி மூடியுடனேயே புறப்பட்டு வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. வந்த வழியே திரும்பிப் போய்த் தேடியும் மூடி கிடைக்கவில்லை. இறங்கிப் பார்க்காமல் இருக்கையிலிருந்தபடியே காசை நீட்டிய எனக்கும் அதில் பாதிப் பிழை உண்டு.

புதிய மூடி வாங்கும்வரை சொப்பிங் பையைச் சுற்றி றப்பர் பட்டி போட்டு ஓடினேன். மூன்றாம் நாள் மழையில் இயந்திரம் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. நீர் பெற்றோலைவிடப் பாரமானதால் தாங்கியின் அடியில் போய்த் தங்கும். பெற்றோல் பம்பியும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. கொஞ்ச நீருக்காகத் தாங்கியையே கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று.

மூடியிலுள்ள றப்பர் வளையம் ஆவியை வெளியேயும் நீரை உள்ளேயும் விடாமல் காக்கிறது. அத்துடன் பல மூடிகளுக்குள் இருக்கும் சிறு வால்வு, பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் காற்றை விடுகிறது. ஆகவே, மரை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு காரின் மூடியைத் திருகிவிட்டால், காற்றுப் புக வழியின்றித் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றுபோகவும் கூடும்.

கழற்றிய மூடியைக் கூரையிலோ நிலத்திலோ வையாது, பல கார்களில் சிறு கதவின் உட்புறத்தில் இதற்கென்றே உள்ள இடத்தில் செருகி வையுங்கள். நம் கடற்கரை மணலில் ஒரு பருக்கை அந்த வளையத்தில் ஒட்டினாலும் மூடி சரியாக அமராது. மூடும்போது மரை நேராகப் பிடிக்கிறதா என்று பார்த்து, ‘டிக்’ என்ற ஒலி கேட்கும்வரை திருகுங்கள். யப்பானிலிருந்து வந்த கார்களில் அறிவுறுத்தல் எழுதித்தான் இருக்கிறது. அந்த எழுத்தை இங்கே யார் வாசிப்பது?

எங்கள் பக்கக் கவனக்குறைவும் சிறிதன்று. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் காத்துக் கிடந்தபோது பூட்டுள்ள மூடியைத் தேடி அலைந்த நாங்கள், வரிசை கலைந்ததும் மூடியையே மறந்துவிட்டோம். வெடித்துப்போன றப்பர் வளையத்தை மாற்றுவதில்லை; மூடியைச் சுற்றிய பள்ளத்தில் நீர் வடியும் சிறு துளை மணலால் அடைபட்டிருப்பதையும் பார்ப்பதில்லை. அங்கே தேங்கும் மழைநீர்தான் பழுதான வளையத்தின் வழியே உள்ளே கசிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மறந்துபோன மூடிகள் சில உங்கள் காசறையின் மூலையில் இப்போதும் கிடக்கலாம். அவற்றை வெளிச்சுவரில் ஆணியடித்துக் கொழுவி வைத்தால், தொலைத்தவர் தன் மூடியைக் கண்டு எடுத்துக்கொள்வார். என்னுடையது கறுப்பு, உள்விளிம்பில் சிறு கீறல் உண்டு.

இங்ஙனம்,
கல்லடியிலிருந்து ஒரு கார்க்காரர்