இரண்டே சீட்டு, மறுபடி ஏன் பார்க்கிறார்கள்?

அன்புள்ள குமரா,

"கையில் இருப்பது இரண்டே இரண்டு சீட்டு. அதைக்கூடவா ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது?" என்று கேட்டிருந்தாய். லாஸ் வேகஸில் உலக போக்கர் தொடர் என்ற சீட்டாட்டப் போட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆட்டத்தின் நடுவே சீட்டின் ஓரத்தைத் தூக்கி மறுபடி எட்டிப் பார்ப்பது உனக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்த காட்சி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ அந்தச் சீட்டுகளைத் திரையில் முழு நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். ஆடுபவர் பார்த்தது ஒரு நொடிதான். குப்புறக் கிடக்கும் சீட்டின் மேல் உள்ளங்கையைக் குவித்து, பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் ஓரத்தை மட்டும் நெம்பிப் பார்த்த ஒரு நொடி. நமக்குச் சீட்டு தெரிவதே பிற்பாடு வந்த ஏற்பாடு. பொம்மைத் தொழிலில் பெயர் வாங்கிய ஹென்றி ஓரன்ஸ்டீன், ஆடுபவரின் சீட்டைக் கேமராவில் காட்டும் முறைக்கு 1995இல் காப்புரிமை வாங்கினார். 1999இல் பிரிட்டன் தொலைக்காட்சியில், கீழிருந்து கேமரா சீட்டைப் பார்க்கும்படி கண்ணாடி பதித்த மேசை வந்தது. அதற்கு முன்பு பார்வையாளருக்கும் ஒன்றும் தெரியாது.

சரி, அந்த ஒரு நொடியில் மனதில் என்ன பதியும்? டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் வந்தால் "ஏஸ், ராஜா" என்று பதிந்துவிடும். ஆர்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேட் என்ற நாலு இனத்தில் இரண்டும் வேறு வேறு இனம் என்பதும் பதியும். எந்த ஏஸ், எந்த ராஜா என்பது பல நேரம் பதியாது, ஏனென்றால் அப்போது அதற்கு வேலையே இல்லை. ஆடுவதா, சீட்டைப் போட்டுவிடுவதா என்பதை முடிவு செய்ய அவ்வளவு போதும். பஸ் எண்ணைப் பார்த்து ஏறியவரிடம் பஸ் என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்கத்தானே செய்வார்?

அப்புறம் நடுவில் மூன்று பொதுச் சீட்டு விரிகிறது. மூன்றும் ஆர்டின். இப்படி மூன்றும் ஒரே இனமாக விழுவது சுமார் 5 சதவீதம்தான். ஆனால் விழுந்துவிட்டால், அதுவரை வேலையில்லாமல் கிடந்த விவரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கையில் உள்ள ஏஸ் ஆர்டின் என்றால், இனி வரப்போகும் இரண்டு சீட்டில் இன்னொரு ஆர்டினாவது விழுந்து ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, சேர 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதுவும் வேறு யாருடைய ஃப்ளஷையும் விடப் பெரிய ஃப்ளஷ். ஏஸ் டைமண்ட், ராஜா கிளாவர் என்றால் அந்தக் கதையே கிடையாது. ஆர்டினும் சிவப்பு, டைமண்டும் சிவப்பு; அவருக்கு ஞாபகம் இருப்பதோ சிவப்பு ஏஸ் என்பது மட்டும். பார்க்காமல் எப்படிப் பந்தயம் கட்டுவார்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கையில் இரண்டும் ஆர்டினாக வைத்திருப்பவருக்கு மறுபடி பார்க்க வேண்டிய தேவை அனேகமாக இருக்காது. இரண்டு சீட்டும் ஒரே இனமாக வருவது நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலும் அதற்காகவேதான் அந்தக் கையை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டத்தை) ஆட வந்திருப்பார், அதனால் மறக்காது. ஆக, மூன்று ஆர்டின் விரிந்ததும் சீட்டைத் தூக்கிப் பார்ப்பவரிடம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஃப்ளஷ் இருப்பது அரிது. ஒரு ஆர்டின் இருக்கிறதா என்று தேடுகிறார், அவ்வளவுதான். அனுபவசாலிகள் இதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கவனிப்பது தெரிந்து, ஃப்ளஷை வைத்துக்கொண்டே தேடுவதுபோல் நடிப்பவர்களும் உண்டு.

களைப்பையும் சேர்த்துக்கொள். நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 25, 30 கை ஓடும். உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரச் சுற்றுகள் ஐந்து. சாயங்காலத்துக்குள் எத்தனையோ ஜோடி சீட்டுகள் கண் முன்னால் வந்து போயிருக்கும். போன கையில் பார்த்த இஸ்பேட் ராணி இந்தக் கையில் இருப்பதாகத் தோன்றுவது சாதாரணம். ஆளுக்கு நாலு சீட்டு கொடுக்கும் ஓமஹா என்ற இன்னொரு போக்கர் வகையில் இன்னும் மோசம்.

பல இணையதளங்கள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறம் கொடுப்பதும் இந்தக் குழப்பத்துக்காகத்தான்: டைமண்டுக்கு நீலம், கிளாவருக்குப் பச்சை. அங்கே சீட்டு எப்போதும் கண் முன்னாலேயே இருப்பதால் ஞாபகத்துக்கே வேலையில்லை. அப்படிப் பழகியவர்கள் நேரில் வந்து உட்கார்ந்தால் அடிக்கடி தூக்கிப் பார்ப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

"ஒரு தடவைக்கு மேல் பார்க்கவே கூடாது" என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சந்தேகத்தோடு பெரிய பந்தயம் கட்டுவதைவிடப் பார்ப்பது நல்லது. பார்ப்பதால் எதிராளிக்கு ஏதாவது தெரிந்துவிடும் என்று பயமிருந்தால், முதல் தடவையே எண்ணையும் இனத்தையும் சேர்த்து, "ஆர்டின் ஏஸ், கிளாவர் ராஜா" என்று மனதுக்குள் முழுப் பெயர் சொல்லிப் பழகிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கையிலும் அதே கட்டத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம்.

அடுத்த முறை மூன்று ஆர்டின் விரியும்போது திரையில் காட்டும் சீட்டுகளைக் கையால் மறைத்துக்கொண்டு பார். எட்டிப் பார்ப்பவரை விட்டுவிடு. குனியாமல், எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன இருக்கும் என்று ஊகித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா