ட்வைன் மன்னிப்புக் கேட்ட கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் கைத்தட்டல் வாங்கிய மேடைகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் கூனிக்குறுகிய இரவும் ஒன்று உண்டு.

1877 டிசம்பர் 17, பாஸ்டன். அமெரிக்கக் கவிஞர் விட்டியரின் 70-வது பிறந்தநாள் விருந்து. அங்கே ட்வைன் ஒரு கற்பனைக் கதை சொன்னார். எமர்சன், லாங்ஃபெலோ, ஹோம்ஸ் என்று பெரிய எழுத்தாளர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு மூன்று குடிகார நாடோடிகள் அமெரிக்காவின் மேற்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்குள் நுழைகிறார்கள். மூக்குமுட்டக் குடித்துவிட்டு, கடைசியில் அவருக்கு இருந்த ஒரே ஜோடி பூட்ஸையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். இதுதான் அந்தக் கதை. நிஜமான மூவரும் அந்த விருந்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்!

அப்புறம் சில பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. மூவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவர்கள் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார்கள். அமெரிக்காவின் மேற்கிலிருந்து வந்தவன் பாஸ்டன் பெரியவர்களைக் கிண்டல் செய்வதா என்ற எண்ணம்தான் ட்வைனைச் சுட்டது என்று நினைக்கிறேன். எனக்கு அந்த பூட்ஸ்காரர் மேல்தான் பரிவு.

- ஒரு வாசகர், திருச்சி